இரண்டு நொடி இருட்டு

2001 ஜனவரி 22, திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். பழங்காநத்தத்தில் பனி விலகவில்லை; எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. சூடாமணி வீடியோ டெக்கில் கேசட்டைச் செருகினாள். படம் முதலிலிருந்து ஓடியது.

முந்தைய நாள் அவள் அதை ஒரு மணி பன்னிரண்டாம் நிமிடத்தில் நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றாமல் எடுத்து, பீரோவில் வைத்திருந்தாள். நிறுத்திய இடத்தைத் தாளிலும் குறித்திருந்தாள். கேசட்டுகள் தாமாகச் சுற்றிக்கொள்வதில்லை. வீட்டில் அவளைத் தவிர இருப்பவன் தம்பி ஹரிஷ்குமார் மட்டுமே.

மதுரையின் வீடியோ கேம் கடைக்காரர்கள் மூவர் சேர்ந்து ஒரு போட்டியை நடத்தினார்கள். விமானம் ஓட்டிச் சுடும் ஆட்டத்தில், ஜனவரி 15க்குள் அதிகப் புள்ளி எண்ணிக்கை எடுத்தவர் ஒருவர் மட்டும் சென்னை இறுதிப் போட்டிக்குப் போகலாம். ஆட்டம் முழுவதும் இடைவெட்டின்றி வீடியோவில் பதிவாகியிருக்க வேண்டும். வயது இருபத்திரண்டைத் தாண்டக் கூடாது. நடுவர், நீதிமன்றத் தட்டச்சரான சூடாமணி. தம்பியும் ஆடுகிறான் என்று அவள் எழுதிக் கொடுத்து விலக முன்வந்தபோது, “ஒங்களையே சந்தேகப்பட்டா வேற யார நம்புறது?” என்று கேட்ட மூவரும், சந்தேகத்தோடே அவளை மீண்டும் நியமித்தார்கள்.

ஹரிஷ்குமாரின் எண்ணிக்கை 9,86,300. கடைசி வாரத்தில் அவனியாபுரத்திலிருந்து ஒரு கேசட் வந்தது. பொங்கலன்று காலை, லேத் பட்டறைத் தொழிலாளி அருள்பாண்டி 11,42,650 எடுத்ததாக அது சொன்னது. அவனுக்கு மார்ச்சில் இருபத்துமூன்று வயது நிறைகிறது. அடுத்த ஆண்டு என்ற ஒன்று அவனுக்கு இல்லை.

இட்லித் தட்டின் முன் அமர்ந்த ஹரிஷ்குமார், தலை நிமிராமல் கேட்டான்:

“பொங்கலன்னைக்கு அவனியாபுரத்துல ஜல்லிக்கட்டு. மைக் சத்தம் இல்லாத ஜல்லிக்கட்ட எங்கயாச்சும் பாத்திருக்கியாக்கா? வேற நாள்ல எடுத்த கேசட்டு அது.”

“சத்தம் இல்லேன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“கடையில பேசிக்கிட்டாங்க.”

அந்த வீட்டில் சௌராஷ்ட்ரம்தான் பேசுவார்கள். அன்று அவன் தமிழில் பேசினான். வழக்காட வருகிறவர்கள் மொழியை மாற்றிக்கொள்வதை அவள் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறாள். எனினும் அவன் சொன்னதில் பிழையில்லை. கேசட்டில் ஆட்டத்தின் ஒலி மட்டுமே இருந்தது. ஒலிபெருக்கி அறிவிப்பில்லை; கூட்டத்தின் இரைச்சலில்லை.

மாலையில் அவள் ஷேர் ஆட்டோவில் அவனியாபுரம் போனாள். அருள்பாண்டி ஆடிய கடையின் உரிமையாளர் நல்லகாமன், முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ எடுப்பவர். இந்தக் கேசட்டையும் அவரே எடுத்திருந்தார். தம் கடையில் ஆடியவனுக்காகத் தாமே எடுத்த சாட்சி. அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

“வாங்க மேடம். கலர் ஒடைக்கட்டுமா?”

“வேண்டாம்.”

“அட, குடிங்க மேடம். ஒரு பாட்டில் கலருக்கா தீர்ப்பு மாறப் போகுது?”

“அதனாலதான் வேண்டாம். ஜல்லிக்கட்டுச் சத்தம் ஏன் கேசட்டுல இல்ல?”

“அம்புட்டுச் சத்தத்துல கேம் சத்தம் எங்குட்டுக் கேக்கும்? கல்யாண வீட்ல மைக் செட்டுல இருந்து நேரா ஒயர் இழுப்பேன்ல, அது மாதிரி மெசின் ஸ்பீக்கர்ல இருந்து கேமராவுக்கு இழுத்துட்டேன். சுத்தமா வந்திருக்கா, இல்லையா?”

“தேவைக்கு மேலயே சுத்தமா வந்திருக்கு.”

பட்டறையிலிருந்து அழைக்கப்பட்ட அருள்பாண்டி, கிரீஸ் கையோடு வாசலிலேயே நின்றான். ஊர் முழுவதும் மாடு பார்க்கப் போன நாளில் ஏன் ஆட வந்தான் என்று கேட்டாள்.

“மத்த நாள்ல தோள்ல நாலு பேரு சாஞ்சுக்கிட்டு நிப்பான் மேடம். அன்னைக்குத்தான் மெசின் காலி. அண்ணே கலர் விக்கக் கடையத் தொறந்திருந்தாரு.” பிறகு கசப்பாகச் சிரித்தான். “ஜல்லிக்கட்டுக்குப் போகாம இங்கன நின்னேன்னு எங்க தெருவுலயே ஒருத்தனும் நம்பல. நீங்க எங்க நம்பப் போறீக?”

அவள் கடைக்குள் இருந்த இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். அப்போது யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் திரை இரண்டு நொடி இருண்டது. இருண்ட கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வாசலில் அருள்பாண்டி தெரிந்தான்.

மறுநாள் காலை கேசட்டில் அவள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, கட்டங்களுக்கு இடையிலான இருட்டுகளைப் பார்த்தாள். மொத்தம் அறுபத்தொன்று. ஒவ்வொன்றிலும் படத்தை நிறுத்தினாள். முதல் முப்பத்தேழில் வெறும் வாசல், சில கால்கள், ஒருமுறை கலர் குடிக்கும் காவலர். முப்பத்தெட்டாவதில், கொம்பில் புதுத் துண்டோடு, பிடிகயிறு இல்லாத காளை ஒன்று வாசலைக் கடந்து ஓடியது. பின்னால் ஆட்கள் ஓடினார்கள். கண்ணாடியில் அருள்பாண்டியின் தலையும் இருந்தது. அது திரும்பவில்லை.

அவள் தன்னையே மறுத்துப் பார்த்தாள். சென்ற ஆண்டுப் பொங்கலாக இருக்கலாமே? இயந்திரம் அந்தக் கடைக்கு வந்ததே சென்ற ஜூனில்தான். வாங்கிய ரசீதை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். வேறு நாளாக இருக்கலாமே? அந்தத் தெருவில் அவிழ்த்துவிட்ட காளையின் பின்னால் ஆட்கள் ஓடும் நாள் ஆண்டுக்கு ஒன்றுதான். மறுப்புகள் தீர்ந்தன.

புதன்கிழமை காலை, தம்பியின் தட்டில் இட்லியை வைத்துவிட்டு அவளும் தமிழிலேயே கேட்டாள்.

“கேசட்ட எம்புட்டு நேரம் பாத்த?”

அவன் மறுக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

“முழுசா.”

“முப்பத்தெட்டாவது ஸ்டேஜ் முடிஞ்சதும் என்ன தெரிஞ்சுது?”

அவன் நெடுநேரம் சட்னியைக் கிளறினான். பிறகு சௌராஷ்ட்ரத்தில், ஒரு காளை, என்றான்.

தீர்ப்பை அவள் இரண்டு பத்திகளில் தட்டச்சு செய்தாள். முதலாவது, 11,42,650 என்ற எண்ணிக்கை ஏற்கப்பட்டது. இரண்டாவது, சான்றுப் பொருள் நடுவரின் வீட்டில், போட்டியாளர் ஒருவரால் அனுமதியின்றிப் பார்க்கப்பட்டது. எனவே நடுவர் இத்துடன் பொறுப்பிலிருந்து விலகுகிறார். ஒருமுறை படித்தாள். ஒரு காற்புள்ளியை நீக்கினாள். கையெழுத்திட்டு, அருள்பாண்டிக்கான பிரதியை உறையிலிட்டு ஒட்டினாள்.

மாலை ஐந்தரைக்கு அக்காவும் தம்பியும் அவனியாபுரம் பட்டறைக்குப் போனார்கள். உறையை அவள் தம்பியின் கையில் கொடுத்து, தான் இரண்டடி பின்னால் நின்றுகொண்டாள். ஹரிஷ்குமார் அதை நீட்டினான்.

அருள்பாண்டி வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தான். உடனே வாங்கவில்லை. நீட்டியவனையும், பின்னால் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாங்கி, பிரிக்காமல், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாலு ஓரத்தையும் விரலால் தடவினான்.

“ஒட்டு சரியா இருக்கான்னு பாக்குறேன் மாப்ள,” என்றான். “தப்பா நெனைக்காத.”