பதினோராவது ஆள்

எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் காத்திருப்போர் பட்டியலைக் காட்டும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவன் நான்தான். நோயாளி வந்த நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து டேட்டாபேஸ் கழிக்கும். அந்த இடைவெளியை மணி, நிமிடம் என்று எழுத்தாக்கித் திரையில் காட்டும். அந்த எழுத்தின்படி அதிக நேரம் காத்தவர் பெயர் மேலே வரும். நாள் கணக்கையும் சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு மேலாளர் சிரித்தார்.

"இங்க எவன்யா ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பான்? மானத்த வாங்காதே."

எனக்கும் வேலை மிச்சம். தலையாட்டிவிட்டு வந்தேன், மண்டூகம்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். மாமாவுக்கு மூச்சுத் திணறல். எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறாராம்.

"நேத்துக் காலைல ஒன்பது மணிக்கு வந்தோம்டா."

அக்கா எதையும் ஊதிப் பெரிதாக்குவாள். பிள்ளை தும்மினால் நிமோனியா என்பாள். நான் திரையைப் பார்த்தேன்.

"நாலு மணி நேரம்னுதான் போட்டிருக்கு. மாமா பதினோராவது ஆள். கொஞ்சம் பொறுக்கா."

"விடிஞ்சப்போ ரெண்டாவது ஆள்னாங்க. ஒன்பது மணிக்கு மேல கேட்டா கடைசிங்கிறாங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. அங்க கத்தி என் பேரக் கெடுக்காதே."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. ரெண்டாவது ஆள் எப்படிக் கடைசிக்குப் போவார்? ஓடி வந்து மாமா வந்த தேதியைப் பார்த்தேன். நேற்று. இருபத்து நாலு மணி நேரம் முடிந்ததும் ஒரு நாள் என்று டேட்டாபேஸ் சரியாகத்தான் கணக்கு வைத்திருந்தது. எழுத்தாக்கும்போது அந்த நாளை விழுங்கியது நான் எழுதிய வரி. திருத்த நாலு நிமிடம்கூட ஆகவில்லை. மாமா பெயர் உச்சிக்கு ஏறியது: ஒரு நாள், ஐந்து மணி, பதினான்கு நிமிடம்.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மாமாதான் இப்ப முதல் ஆள்."

"வார்டுபாய் வந்தான். மூஞ்சி மூடியிருக்கிறதப் பாத்துட்டுப் போயிட்டான்."

"எப்பக்கா?"

"நீ பொறுக்கச் சொன்னியே, அப்புறம்தான்."

இந்த ஒரு தடவை அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. திரையில் மாமாவின் நிமிடம் பதினைந்து, பதினாறு என்று ஏறிக்கொண்டே இருந்தது. அவர் பெயரை எடுத்தால்தான் அந்தக் கட்டில் அடுத்தவருக்கு. பாவி, நானே எடுத்தேன்.