கடைசி உடுப்பு காயும் நாள்

சீனப் பஞ்சாங்கப்படி ஆறாம் மாதம் ஆறாம் தேதி வெயில் சுளீரென்று அடித்தால் மாவ்லானுக்குக் கால் தரையில் பாவாது. அன்றைக்குத்தான் ஊரில் வயதானவர்கள் எல்லாம் தங்கள் சாவுக்கென்று தைத்து வைத்த உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து முற்றத்துக் கொடியில் காயப் போடுவார்கள். பூச்சி அரிக்காது, ஆயுசும் கூடும். யாருடைய பட்டு நயம், யாருடைய செருப்பில் தாமரைப் பூவேலை நன்றாக விழுந்திருக்கிறது என்று தெருவே வீடு வீடாகப் போய்ப் பார்க்கும். மாவ்லானின் கருநீல அங்கியை இரண்டு பேர் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயாயிற்று. வயிறெரிகிறார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பக்கத்து முற்றத்தில் மட்டும் கொடி வெறுமனே கிடந்தது. அது அவளுடைய ஓரகத்தி சிங்ஹேயின் வீடு. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே மாமியாரிடம் ஏச்சு வாங்கியவர்கள் இருவரும். புருஷன்மார் போய்ச் சேர்ந்த பிறகும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சண்டை போட்டே காலம் தள்ளினார்கள். ஆனால் போன வருஷத்திலிருந்து சிங்ஹே சண்டைக்கும் வருவதில்லை. கேட்டால் நெஞ்சை அடைக்கிறது, பசியில்லை, தூக்கமில்லை என்பாள். மருந்துக்கடைக்காரர் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். தெருவோ, எழுபத்துமூன்று பொல்லாத வயசு, அதைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று அடித்துச் சொன்னது. அந்த வயசைத் தாண்டக் கெண்டை மீன் சாப்பிட வேண்டும் என்பதால் மாவ்லானே உயிரோடு ஒரு மீன் வாங்கிக் கொடுத்தாள். சிங்ஹே அதைத் தொடவேயில்லை, பூனை தின்றது. அன்றிலிருந்து, "பெரிய மகாராணி! என் கையால குடுத்தா தொண்டையில இறங்காதாக்கும்" என்று சுவருக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள் மாவ்லான்.

இன்றைக்கு நேரிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடுப்பில் சாம்பல்கூட இல்லை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அக்கா! உன் துணியை எலி தின்னுடுச்சா? காயப் போட ஒண்ணுமே இல்லையா?" என்று கத்திக்கொண்டே உள்ளறைக்குள் காலெடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலோரம், குளிர்காலத்தில் அடியில் நெருப்புப் போடும் செங்கல் படுக்கையின் மேல், சிங்ஹே மல்லாந்து படுத்திருந்தாள். தலையில் கறுப்பு வெல்வெட் தொப்பி. அடுக்கடுக்காய் உள்ளங்கிகள், மேலே அரக்குச் சிவப்புப் பட்டு, பொத்தானே இல்லாமல் நாடா நாடாவாய் முடிந்தது. செருப்பின் அடியில் மண்படாத தாமரை. கைகள் இரண்டும் வயிற்றின் மேல். வெயில் நேரே அவள் மேல் விழுந்து பட்டெல்லாம் தகதகத்தது. கண்கள் திறந்திருந்தன.

அம்மாடி! களை பறித்துப் பறித்துக் கூன் விழுந்த அந்தப் பொம்பளையா இது? கல்யாணத்தன்றுகூட அவள் இப்படி இருந்ததில்லை. கும்பிடப் போன இடத்தில் சாமி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டது போல மாவ்லான் வெலவெலத்துப் போனாள். படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது?" என்றாள்.

"விறைச்சுப் போனா கை மடங்காதுடி. என் பையன் ஜென்ஷெங் தெக்கே ஃபாக்டரியில கெடக்கான், அவன் வந்து சேரவே ரெண்டு நாளாகும். உனக்கும் முட்டி வலி. யாரு வந்து உடுத்தி விடுவா? மூச்சு நிக்கறதுக்குள்ள உடுத்திக்கணுமில்ல? அதான் நானே உடுத்திக்கிட்டேன்."

"உனக்கு என்ன வந்துச்சு இப்ப?"

"ஒண்ணும் வரல. எங்கயும் வலிக்கல. போதும்னு இருக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நாளா சாப்பாட்டையும் நிறுத்திட்டேன்."

"உன் புள்ளைக்குத் தெரியுமா?"

"போன் பண்ணுவான். சாப்பிட்டேன்னு சொல்வேன். நல்ல பையன்டி, அவன் மேல ஒரு குத்தமும் இல்ல."

மாவ்லானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்திரி! தெருவே சிரிக்கப் போகுது. யாரு என்ன சொன்னா உன்னை? நான் ஏதாவது சொன்னேனா?"

"நீ எப்பவும் சொல்றதுதானே சொன்ன."

கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கை விட்டதும் தொப்பென்று விழுந்தது. சிங்ஹே கூரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுதுடி. கண்ணைத் திறக்கறதுக்குள்ள அது நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கும், திரிகைக் கல்லு மாதிரி. கரண்டியைத் தூக்கணும்னா தூக்கு, தூக்குன்னு எனக்கே நான் சொல்லிக்கணும். கொல்லைக்குப் போறதுக்கும் அப்படித்தான். போன வருஷம் பூரா இதே கதை."

போன வருஷம் பூராவுமா! மாவ்லானின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. போன வருஷம்தானே இவள் தனி ஆளாகச் சோளம் அறுத்துக் களத்தில் சேர்த்தாள்? புத்தாண்டுக்குக் கொழுக்கட்டை மடிக்க வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்? மாவ்லானுக்கு முட்டி வீங்கிக் கிடந்தபோது தினைக் கஞ்சி காய்ச்சிச் சுவருக்கு மேலே நீட்டியது யார்? அத்தனையும் அந்தக் கல்லைச் சுமந்துகொண்டேவா? ஒரு கரண்டியைத் தூக்கவே தனக்குத் தானே உத்தரவு போட்ட மனுஷி ஒரு பானைக் கஞ்சியை எப்படித்தான் தூக்கினாள்? நினைக்க நினைக்க மாவ்லானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிரில் படுத்திருப்பவளைத் தனக்கு இத்தனை காலமும் தெரியவே தெரியாது என்று தோன்றியது.

எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். கொடியில் காய்ந்த தன் உடுப்பை உருவினாள். உள்ளங்கிகள், கருநீல அங்கி, தொப்பி, செருப்பு எல்லாவற்றையும் அணிந்துகொண்டு திரும்பி வந்து படுக்கையில் ஏறினாள்.

"நகரு."

"என்னடி கூத்து இது?"

"நானும் வர்றேன். நீ முன்னாடி போயி மாமியார்கிட்ட என்னைப் பத்திக் கோள் மூட்டி வைப்ப. நான் பின்னாடி வந்து தனியா திட்டு வாங்கணுமா? சேர்ந்தே போவோம்."

சிங்ஹேயின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "தொப்பியைக் கோணலா வச்சிருக்க. இப்படி வந்தா அவங்க வாசல்லயே திட்டுவாங்க."

மாவ்லான் விளையாட்டாகத்தான் படுத்தாள். இரண்டு நிமிஷம் கிடந்தால் இவளே வெட்கப்பட்டு எழுந்துவிடுவாள் என்பது கணக்கு. ஆனால் படுத்துக் கொஞ்ச நேரத்தில் தெருச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. துணியின் கனத்தில் உடம்பு படுக்கையோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து செய்ய வேண்டிய வேலை எதுவுமே நினைவுக்கு வரவில்லை. யாரும் தேடப் போவதில்லை. இப்படியே கிடந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். இவ்வளவு சுலபமா! அந்தச் சுலபத்தைப் பார்த்துத்தான் அவள் உடம்பெல்லாம் நடுங்கியது. இந்த இடத்துக்கு வந்துவிட்டு ஒரு வருஷமாகத் தினம் காலையில் எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டிருக்கிறாளே, இவள் என்ன பிறவி!

மாவ்லான் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு." பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

சிங்ஹே தலையைத் திருப்பினாள். மாவ்லானின் கண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிங்ஹே ஒரு முழங்கையை ஊன்றினாள். அது வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். உடம்பு வெடவெடவென்று ஆட, பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டையே தூக்குகிறவள் போல எழுந்து உட்கார்ந்தாள். மாவ்லான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீ, அழாத. உனக்கு இன்னும் வேளை வரல. எந்திரி."

"நீ ஆஸ்பத்திரிக்கு வந்தா எந்திரிக்கிறேன்."

"வயசுக்கு ஏதுடி மருந்து?"

"இருக்கோ இல்லையோ, எனக்காக வா. நீ செத்துப் போகக் கூடாதுக்கா. எனக்கு நீ வேணும்."

இந்த இரண்டு பேருக்குள் அப்படிப்பட்ட பேச்சு வழக்கமே கிடையாது. சிங்ஹே தன் பட்டின் நாடா முடிச்சைத் தடவினாள். "துணியை மாத்தணுமே" என்றாள் கடைசியில்.

"அத்தனை நாடாவையும் அவுக்கறதுக்குள்ள உன் மனசு மாறிடும். இப்படியே வா."

தன் பேட்டரி மூன்று சக்கர வண்டியின் பின்னால் மெத்தை போட்டுச் சிங்ஹேயை உட்கார வைத்தாள் மாவ்லான். கையில் வெந்நீர்க் குடுவையைக் கொடுத்து, குடிக்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். டவுனில் அன்று சந்தை நாள். சாவு உடுப்பில் இரண்டு கிழவிகள் உயிரோடு வருவதைப் பார்த்ததும் சந்தை அடங்கிப் போனது. தர்பூசணி வெட்டுகிறவனின் கத்தி பாதியில் நின்றது. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"வழி விடுங்க!" என்று மாவ்லான் கத்தினாள். "உசுரோட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போறேன், வழி விடுங்க!" சந்தை இரண்டாகப் பிரிந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் தாவ் நடு வயதுப் பெண்மணி. உடுப்பை ஒரு முறை பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பசி, தூக்கம், விடியுமுன் நெஞ்சில் ஏறும் கல் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "செத்துப் போகணும்னு தோணுதாம்மா?" என்றார்.

சிங்ஹே குனிந்து தன் பட்டைப் பார்த்துக்கொண்டாள். "பின்னே, விருந்துக்கா வந்திருக்கேன்?"

மாவ்லானுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது, உடனே அது அழுகையாகிவிட்டது.

"இது வயசு இல்லம்மா, நோய்," என்றார் டாக்டர். "கவனிக்காம விட்டா வயசானவங்களைக் கொண்டு போயிடும். மாத்திரை இருக்கு. உடனே கேக்காது, சில வாரம் ஆகும். முதல் மாத்திரை சரியா வரலேன்னா வேற பார்க்கலாம். இன்னிக்கு இங்கயே படுங்க, உடம்புல தண்ணியே இல்ல. பையன்கிட்ட நான் பேசறேன். வீட்டுக்குப் போனதும் தனியா மட்டும் இருக்கக் கூடாது."

"என் வீட்டுல என் பக்கத்துல படுத்துக்கட்டும்," என்றாள் மாவ்லான்.

டாக்டர் சிங்ஹேயின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாத்திரை சாப்பிட்டாலும் கொஞ்ச நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி அந்தக் கல்லு வந்து ஏறத்தான் செய்யும். அப்ப என்ன செய்வீங்க?"

 மாவ்லான் சிங்ஹேயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகச் சாப்பிட்டேன், சாப்பிட்டேன் என்று பெற்ற பிள்ளையிடமே பொய் சொன்ன வாய் அது. இதற்கும் ஒரு பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள அதற்கு ரொம்ப நேரம் பிடிக்காது.

சிங்ஹே கையைத் தூக்கினாள். அது பாதி தூரம் வந்து நின்றது, பிறகு மேலே வந்தது. விரல் மாவ்லானைக் காட்டியது.

"இவளை எழுப்புவேன்," என்றாள்.

 மாவ்லான் டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.