மசியின் முதுகில் வெள்ளை

அந்த வீட்டில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நர்ஸிங் பள்ளியின் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும், முதுகில் புண் வராமல் காக்கவும், சிந்தாமல் சிதறாமல் ஊட்டவும் அவளுக்குக் கை பழகியிருந்தது. காலை எட்டு மணிக்கு வருவாள், மாலை ஆறுக்கு இரவு ஆள் வந்ததும் கிளம்புவாள். அப்படியே பதினாலு மாதம் ஓடிவிட்டது.

அவள் பார்த்துக்கொண்டது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை. பக்கவாதம் அவருடைய வலப் பக்கத்தையும் பேச்சையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது இடது கை. அந்தக் கைக்கு இருந்த ஒரே வேலை மசியைத் தடவிக்கொடுப்பது. மசி அவர் வளர்த்த பூனை. மைக்கூட்டுக்குள் விழுந்து எழுந்தது போல அப்படி ஒரு கறுப்பு. நாள் முழுக்க அவர் இடுப்போரம் சுருண்டு கிடக்கும். கை அதன் தலையிலிருந்து வால் வரை போய்ப் போய் வரும். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவரே, "நான் குடுக்கிற பயிற்சியைவிட இது உருப்படி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தக் கறுப்பில்தான் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. முதலில் வாலுக்கு மேலே மாவு தூவினாற்போல் கொஞ்சம். பத்து நாளில் முதுகு முழுக்க. குளிர்காலம், அறையில் காற்று காய்ந்து கிடக்கிறது, அதனால் இருக்கும் என்று சிஸ்டர் நினைத்தாள். உலர்ந்த தீனியைக் குறைத்து ஈரத் தீனி வைத்தாள், தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டாக்கினாள், தினமும் சீவிவிட்டு ஈரத்துணியால் துடைத்தாள். வெளியூரில் இருக்கும் வாத்தியார் மகளிடம் போனில் சொன்னபோது, "என் பொடுகு ஷாம்பு அலமாரியில இருக்கு, போட்டுக் குளிப்பாட்டிடுங்களேன்" என்றாள் அவள். சிஸ்டருக்கு மனசு ஒப்பவில்லை. பூனை உடம்பை நக்குகிற ஜீவனாயிற்றே, மருந்தெல்லாம் வயிற்றுக்குள் அல்லவா போகும்?

அப்புறம் அரிப்பு வந்தது. சிஸ்டரின் முன்கையில் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள். அதற்கடுத்த வாரம் வாத்தியாரின் இடது கையிலும் கழுத்திலும். அவருக்குச் சொல்ல வாயில்லை, சொறிய இன்னொரு கையில்லை. கட்டில் விளிம்பில் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே கிடந்தார்.

மாதம் ஒருமுறை வரும் மகள் வந்து பார்த்து ஆடிப்போனாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வாரமா இருக்கும்மா. களிம்பு போட்டுட்டுதான் இருக்கேன்."

மகளின் கண் சிஸ்டரின் முன்கைக்குப் போனது. "உங்களுக்கும் இருக்கே?"

சிஸ்டர் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள். தப்பு செய்தவள் மாதிரி ஏன் மூடினோம் என்று பிறகு நினைத்து நினைத்து நொந்தாள். மகள் போனோடு உள்ளே போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன், சொறியா இருக்கலாமாம், ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டுமாம். தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். நீங்க பஸ்ல வர்றீங்க, நாலு இடம் போறீங்க. அப்பா வீட்டைவிட்டு எங்க போறார்? இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலை மகள் குளிக்கப் போயிருந்தாள். சிஸ்டர் கறுப்புத் துண்டொன்றை ஜன்னலோர வெயிலில் விரித்து, மசியை அதன்மேல் நிறுத்திச் சீவினாள். வெள்ளைச் செதில்கள் உதிர்ந்தன. மடித்து உதறப் போனவள் நின்றாள். ஒரு செதில் நகர்ந்தது. காற்றாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இன்னொன்றும் நகர்ந்தது. பொடுகு நடந்துகொண்டிருந்தது.

அன்று மதியமே கூடையில் பூனையை வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனாள். அவர் ஒட்டும் டேப்பை மசியின் முதுகில் அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் குனிந்தார்.

"வயசான பூனைக்கு முதுகுவரைக்கும் நாக்கு எட்டாது, பொடுகு வரும். குண்டான பூனைக்கும் அப்படித்தான். சாப்பாடு சரியில்லைன்னாலும் வரும், உள்ளுக்குள்ள நோய் இருந்தாலும் வரும். இது அதெல்லாம் இல்லை. வந்து பாருங்க."

எட்டுக் காலோடு ஒன்று நெளிந்தது.

"கண்ணுக்குத் தெரியாத உண்ணி. செதிலுக்கு அடியில ஊர்றதால செதிலே நடக்கிற மாதிரி இருக்கு. மனுஷங்களையும் கடிக்கும், ஆனா நம்ம உடம்புல குடியிருக்காது. பூனைக்குச் சரியானா உங்களுக்கும் போயிடும். வெளிப் பூனை ஏதாவது வீட்டுக்குள்ள வருதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாத்தியாருக்கு நல்ல காற்று வேண்டுமென்று ஜன்னலைத் திறந்து வைத்தவள் அவள்தான். சாம்பல் நிறத் தெருப்பூனை ஒன்று வந்து மசியோடு உரசிவிட்டுப் போகும். அதைப் பார்த்து வாத்தியார் ஒரு பக்கமாகச் சிரிப்பார் என்பதால் அவள் விரட்டியதில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு. மகள் முகம் வெளிறியது.

"ஐயோ, உங்கமேல பழி போட்டுட்டேனே. மன்னிச்சுக்கோங்க." கூடையில் இருந்த மசியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ பூனைதான். அது இனிமே இங்க இருக்க வேண்டாம்."

இதை சிஸ்டர் எதிர்பார்க்கவே இல்லை. "ஆறு வாரத்துல சரியாயிடும்மா. சொட்டு மருந்துதான். துணியெல்லாம் வெந்நீர்ல துவைச்சா போதும்."

"அப்பா உடம்புல இன்னொரு தடவை இதைப் பார்க்க என்னால முடியாது. நீங்களே கொண்டுபோயிடுங்க. வேற ஆளையும் வரச்சொல்லிட்டேன், இப்போ வேண்டாம்னா நல்லாயிருக்காது."

வாத்தியார் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். கூடை கிளம்பியபோது இடது கை மெத்தையை ஒருமுறை தடவியது. சிஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

தன் ஒற்றை அறையில் மசியை வைத்துப் பார்த்துக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடரியில், நாக்கு எட்டாத இடமாகப் பார்த்து மயிரை விலக்கிச் சொட்டு மருந்து. போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிநீரில். ஆறு வாரம் கழித்து வைத்தியர் மறுபடி டேப்பை ஒட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தம்" என்றார். மசியின் முதுகு பழையபடி மினுமினுத்தது.

அன்றே மகளுக்குப் போன் செய்தாள். மகள் மறுக்கவில்லை. "கொண்டு வாங்க சிஸ்டர். அப்பா இப்போ கையைத் தூக்குறதே இல்லை" என்றாள்.

ஞாயிறு காலை கொண்டுபோய்க் கட்டிலில், அவர் இடுப்போரம் விட்டாள். வாத்தியார் இளைத்திருந்தார். கை ஒரு சாண் எழுந்தது. மசி அந்த விரல்களை முகர்ந்தது. யாரோ எவரோ என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாவிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. எழுந்த கை அப்படியே மெத்தையில் விழுந்தது.

"பழகிடும் சார், வீட்டு வாசனையே மறந்திருக்கும்" என்றாள் சிஸ்டர். அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஒரு மணி நேரம் தரையில் குப்புறக் கிடந்து கூப்பிட்டுப் பார்த்தாள். மசி அவள் கையை மட்டும் நக்கியது, வெளியே வரவில்லை.

புதிதாக வந்திருந்த பெண்ணிடம் சீப்பையும் மருந்தையும் கொடுத்து விவரம் சொன்னாள். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டாம், தெருப்பூனை வரும் என்பதையும் சொன்னாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "உங்களை ஏன்க்கா நிறுத்துனாங்க?" என்றாள்.

"வேற வேலை கிடைச்சுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள் சிஸ்டர்.

நாலு நாள் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தாள். மசி நன்றாகச் சாப்பிடுகிறதாம், சமையலறையில் தூங்குகிறதாம், கட்டில் பக்கம் இன்னும் போகவில்லையாம்.

"சார்?"

"மூடின ஜன்னலையேதான்க்கா பார்த்துட்டிருக்காரு."

அதற்கப்புறம் சிஸ்டர் அங்கே போன் செய்யவில்லை.