உடன்வருபவர்

அந்த வீட்டில் யாரும் எந்த முடிவும் எடுத்ததில்லை. அவன் "உன் இஷ்டம்" என்பான், அவள் "உங்க இஷ்டம்" என்பாள். தட்டில் மிஞ்சிய கடைசிப் பழத்துண்டை நீ சாப்பிடு, நீங்க சாப்பிடுங்க என்று தள்ளித் தள்ளி, அது கறுத்துப்போய்க் குப்பைக்குப் போகும். கல்யாணமான நாள் முதல் வண்டி இப்படித்தான் ஓடுகிறது. பெரிய குறை என்று சொல்வதற்கில்லை. இஷ்டமே கேட்காத வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

ஆனால் குடியிருப்பு அனுமதி என்று ஒன்று வந்தது. அதற்கு யாராவது ஒருவருடைய இஷ்டம் தெரிந்தாக வேண்டும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள்ளே, கயிறும் தண்டவாளமும் ஓடும் இருட்டுக் குழியில் வேலை. அவள் பல் செய்கிறவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கான் மாவைத் தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டு அடுக்கி, சூளையில் சுட்டு, போன பல்லைத் திருப்பிக் கொடுப்பவள். உறவில் இவள் பெயர் பல்காரி, இவன் பெயர் லிஃப்ட்காரர். பெற்றோர் வைத்த பெயர்கள் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கின்றன.

இரண்டு பேரும் ஆளுக்கொரு வேலை விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். இரண்டு விசாவும் முடியப் போகின்றன. தொடர்ந்து இருக்க வேண்டுமானால் தொழில் தெரிந்தவர்களுக்கான அனுமதிக்கு மனுப் போட வேண்டும். தம்பதிக்கு ஒரே மனு. ஒருவர் முதன்மை விண்ணப்பதாரர், மற்றவர் உடன்வருபவர். முதன்மையானவர் தன் தொழிலைச் செய்யலாம். உடன்வருபவர் நிரந்தர அட்டை கைக்கு வரும்வரை எந்த வேலைக்கும் போகக் கூடாது. அதற்குச் சில வருஷங்கள் ஆகுமாம். இரண்டு தொழிலும் பட்டியலில் இருந்தன, இருவருக்கும் மதிப்பெண் போதுமானதாக இருந்தது. யார் பெயரில் போட்டாலும் கிடைக்கும் என்றார் விசா ஆலோசகர். அதில்தான் வம்பே வந்தது.

அவளுடைய அண்ணன் போனில் கூப்பிட்டு, "மாப்பிள்ளை பேர்ல போடுறதுதான் முறை" என்று தீர்ப்புச் சொன்னார். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். இவர்களுக்கு இங்கே எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அந்த நாலு பேரை எங்கே போய்த் தேடுவது?

அந்த நாட்களில் அவனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கியது. பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தால் போதும், ஒரு லிஃப்ட் வந்து முன்னால் நிற்கும். கதவு கிடையாது. உள்ளே வெயில் அடிக்கும். ஏறினால் சத்தமே இல்லாமல் மேலே போகும். ஒவ்வொரு மாடியிலும் ஒரு அறை, ஒவ்வொரு அறையிலும் அவள் விளக்கடியில் குனிந்து ஒரு பல்லுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருப்பாள். இறங்கலாம் என்று கால் வைப்பான், மாடி நழுவிக் கீழே போய்விடும். பயமாக இருக்காது, ஏக்கமாக இருக்கும். கண் விழித்தால் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியிருக்கும். வந்த வழியே நடப்பான்.

ஒருநாள் சாப்பிடும்போது, லிஃப்டுக்கு எதிர் எடை என்று ஒன்று உண்டு, பெட்டி மேலே போனால் அது கீழே வரும், இரண்டும் ஒரே நேரத்தில் மேலே போக முடியாது என்று அவளுக்கு விளக்கினான். அப்படியென்றால் தானே கீழே வருவதாக அவள் சொன்னாள். அவன் சொல்ல வந்தது அதுவல்ல. இருவரும் தட்டைக் கழுவிவிட்டுப் படுத்தார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் துணி துவைக்கக் கீழே போயிருந்த நேரத்தில், அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான். உடன்வருபவர் பகுதியைத் தன் பெயரில் நிரப்பினான். முதன்மை விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டான். அனுப்பியும் விட்டான். நெஞ்சுக்குள் ஏதோ லேசாக ஆனது. தன்னைப் போல ஒரு புருஷன் எவளுக்குக் கிடைப்பான் என்றுகூடத் தோன்றியது. அதை ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே தோன்றியது. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டான்.

சமயம் வருவதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இருவரும் நேரில் வர வேண்டும்.

காத்திருக்கும் கூடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணாடிக் கூரை வழியாக மேகம் நகர, தரையில் வெளிச்சம் வருவதும் போவதுமாக இருந்தது. எல்லோரும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். பல்காரி வழக்கம்போல வருகிறவர் போகிறவர் பல்லையெல்லாம் எடைபோட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு மறுபடி அந்த வெயில் லிஃப்ட் வந்தது. அதில் ஏறுவதற்குள் அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். அவன் பல்காரிக்கு உடன்வருபவர் என்று ஒரு மனு. பல்காரி அவனுக்கு உடன்வருபவர் என்று இன்னொரு மனு. இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருந்தன. நான்தான் முதன்மை என்று சண்டை போடும் தம்பதிகளைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகவும், இரண்டு பேருமே பின்னால் வர, முன்னால் ஆளே இல்லாத மனுவை இப்போதுதான் பார்ப்பதாகவும் அந்தப் பெண்மணி சொன்னாள். இன்று கவுன்ட்டர் மூடுவதற்குள் ஒருவர் முதன்மையாகக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் தள்ளுபடி, விசா முடிந்ததும் இருவரும் கிளம்ப வேண்டியதுதான். ஓரத்தில் இருந்த பெஞ்சைக் காட்டி, பேசி முடித்துவிட்டு வரச் சொன்னாள்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் பல்காரி திரும்பினாள். "யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"நீ யாரைக் கேட்ட?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்குச் சீக்கிரமே நின்றுவிட்டது.

"எனக்காக விட்டுக்கொடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. அது எனக்கு வேண்டாம். நீங்க வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கறதைப் பாக்கும்போதெல்லாம் என்னாலதான்னு குத்தும். அதுக்கு நான் வீட்ல இருந்துட்டுப் போறேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாளும் தூக்கிச் சுமந்த தியாகி வேஷம் வெளிச்சத்தில் பல்லை இளித்தது. விட்டுக்கொடுத்தானா? மழைக்காலத்தில் ஒரு நாள், பெட்டியின் மேல்கூரையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரோ தெரியாமல் மின்சாரத்தைப் போட்டுவிட்டார்கள். பெட்டி ஒரு சாண் ஏறி நின்றது. ஒரு கீறல்கூட விழவில்லை. அன்று முதல் குழிக்குள் இறங்குமுன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"விட்டுக்கொடுக்கல" என்றான். "எனக்கு பயமா இருக்கு. அந்தக் குழிக்குள்ள இறங்கவே பயமா இருக்கு. உன் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கப் பாத்தேன்."

நடந்ததை முழுக்கச் சொன்னான்.

"அதான் லிஃப்டை விட்டுட்டு வீட்டுக்குப் படியேறி வர்றீங்களா? நான் தொப்பையைக் குறைக்கறீங்கன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். மனுவை அனுப்பிவிட்டு மறுநாள் பட்டறைக்குப் போனவளுக்குத் தூரிகை பிடிக்கக் கை வரவில்லை. செய்த பல்லையே திரும்பத் திரும்பச் சுட்டுக் கெடுத்திருக்கிறாள்.

"எனக்கு அந்த வேலை வேணுங்க" என்றாள். "ரொம்ப வேணும்."

இத்தனை வருஷத்தில் அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டது இப்போதுதான். அவனுக்கு அவளைப் புதிதாகப் பெண் பார்ப்பதுபோல இருந்தது. எழுந்து, அவள் கையைப் பிடித்துக் கவுன்ட்டருக்குக் கூட்டிப் போனான்.

அந்தப் பெண்மணி அவனை முதன்மையாகக் காட்டிய மனுவை ரத்து செய்துவிட்டு, ஒரு தாளை எடுத்தாள். முதன்மை விண்ணப்பதாரரிடம் இதை உரக்கப் படித்துச் சம்மதம் வாங்குவது விதி என்றாள். உங்களோடு வரும் இவருக்குச் சோறு, இருக்க இடம், நோய் வந்தால் மருந்து எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பா என்று கேட்டாள். கல்யாணத்தன்று பல்காரியிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. இவனிடம்தான் கேட்டார்கள், இவனும் தலையை ஆட்டினான். தங்கைக்கு, தம்பிக்கு, அப்பாவின் ஆஸ்பத்திரிக்கு என்று எல்லா இடத்திலும் தலையை ஆட்டியவன் இவன்தான்.

அவள் அந்தப் பெண்மணியைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் தமிழிலேயே. பிறகுதான் நினைவு வந்து, அவர்கள் பாஷையில் ஆமாம் என்றாள்.

அவள் கையெழுத்துப் போட்டதும், உடன்வருபவராக அவன் போட வேண்டிய இடத்தை அந்தப் பெண்மணி இரண்டு தடவை தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கண் நிறைந்து அவனுக்குக் கோடு தெரியவில்லை.