உடையாத போல்ட்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் எங்கள் கம்பெனி ஷெட்டுக்கு முன்னால் நானும் லூயிஸும் டிராக்டர் டயர்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தோம். இரும்பைத் தொட்டால் கையுறையே ஒட்டிக்கொண்டு வந்தது. கடப்பாரையால் பனிக்கட்டியைப் பெயர்த்து, சங்கிலியை இழுத்துக் கொக்கி போடுவதற்குள் முதுகு விட்டுப்போனது. குவாட்டமாலாக்காரன் லூயிஸ் என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனே முனகினான் என்றால் என் கதியைக் கேட்க வேண்டாம்.

அமெரிக்கா என்றாலே எல்லாரும் கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள் என்று ஊரில் நினைப்பு. அண்ணன் சிட்டிசன் ஆகி மனுப் போட்டு, பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, நாற்பத்தாறு வயதில் க்ரீன் கார்டோடு வந்திறங்கிய என்னைப் போன்ற வேலுமணிகளும் இங்கே இருக்கிறோம். கம்ப்யூட்டர்காரர்கள் கார் நிறுத்தும் இடங்களில் பனியை வாருவது எங்கள் பிழைப்பு.

அன்று பதினாறு அங்குலம் விழும் என்று சொல்லியிருந்தார்கள். வானம் ஷெட்டின் கூரை வரைக்கும் இறங்கி நின்றது. துளிக் காற்று இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

டிராக்டரின் முகப்பில் பூட்டியிருந்த, பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோயரை நாங்கள் இரண்டு பேருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலு நாளைக்கு முன்னால் அதன் வாய்க்குள்தான் டிராக்டர் ஓட்டும் மதுரைக்காரன் சேனாபதியின் வலது கை போனது. ஹோஸ் பிடித்துக் கழுவியும் திருகுப் பற்களின் அடியில் கறை மிச்சம் இருந்தது.

அந்த மிஷினுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. பனி அடைத்துக்கொண்டால் முதலில் மிஷினுக்குப் போகும் சக்தியை நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்துச் சாவியைப் பாக்கெட்டில் போட வேண்டும். எல்லாம் சுற்றி அடங்கும் வரைக்கும் காத்திருந்து, கட்டையால் தள்ள வேண்டும். கை கூடவே கூடாது. ஆள் மறந்தாலும் மிஷின் மறக்காதிருக்க சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். பற்கள் சுற்றும்போது ஆள் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். கல்லோ கட்டையோ சிக்கினால், உடைவதற்கென்றே ஷியர் போல்ட் இருக்கும். அது உடைந்தால் முறுக்கு விட்டுப்போகும், பற்கள் செத்துவிடும்.

இரண்டையும் கெடுத்தவன் நான்.

பீளமேட்டில் இருபத்திரண்டு வருஷம் லேத் ஓட்டியவன் நான். போன டிசம்பரில் ஒரே காலையில் மூன்று ஷியர் போல்ட் உடைந்தது. முதலாளி பசுபதி, “கோயமுத்தூர்க்காரன்னு பீத்திக்கிற, ஒரு போல்ட்டை நிக்க வைக்க முடியலையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சுருக்கென்று தைத்தது. நான் கடைந்த போல்ட் உடைந்தது என்று எங்கள் பட்டறைக்கு எவனும் திரும்பி வந்ததில்லை. ஷெட்டில் கிடந்த சின்ன லேத்தில் நல்ல உறுதியான எஃகில் இரண்டு போல்ட் கடைந்து பூட்டினேன். உடைவதற்கென்று ஒரு போல்ட்டா என்று சிரித்தேன் வேறு. மறுவாரம், இறங்கி ஏறும்போதெல்லாம் எஞ்சின் நின்று நேரம் வீணாகிறது என்று அவர் சொல்ல, சீட் ஸ்விட்ச்சையும் ஒயர் போட்டு வேலை செய்யாமல் ஆக்கினேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். வெட்கங்கெட்ட எனக்கு அன்று முழுக்கப் பெருமை.

நாலு நாளைக்கு முன்னால் பனிக்குள் புதைந்து கிடந்த பலகை ஒன்று மிஷினில் சிக்கியது. உடைய வேண்டிய போல்ட் உடையவில்லை. சேனாபதி இறங்கினான். நிற்க வேண்டிய எஞ்சின் நிற்கவில்லை. பலகையைப் பிடுங்கியதும், முறுக்கேறி நின்ற பற்கள் விடுபட்டுச் சுற்றின. நாலு விரல்கள் போய்விட்டன.

ஐந்தரைக்குத் தாமரைச்செல்வி வந்தாள். ஈரோட்டுக்காரி. சேனாபதிக்கு அடுத்தபடி டிராக்டரை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவள் அவள்தான். அவள் பின்னாலேயே பசுபதியின் கார் வந்தது. கையில் ஒரு தாளோடு இறங்கினார்.

“தாமரை, நீ மிஷின் எடு. ஏழு மணிக்குள்ள ஃபர்ஸ்ட் பார்க்கிங் லாட்ல கெடக்கிற பழைய பனி க்ளியர் ஆகணும். அதுக்கு முன்னாடி மூணு பேரும் இதுல சைன் பண்ணிடுங்க.”

தாமரை செல்போன் வெளிச்சத்தில் படித்தாள். மிஷின் நல்ல நிலையில் இருந்தது, சேனாபதி பயிற்சியை மீறித் தானாகக் கையை விட்டார் என்று எழுதியிருந்தது.

“மிஷின் சரி பண்ணியாச்சுங்களா சார்?”

“அதான் ஓடுதேம்மா!”

“ஓடறது தெரியுதுங்க. நிக்குமான்னு கேக்கறேன்.”

பசுபதியின் முகம் மாறியது. “மெக்கானிக் இங்கதான நிக்கிறான், அவனையே கேளு. வேலுமணி, மிஷின்ல ஏதாவது ப்ராப்ளம் இருக்கா?”

கேட்டுவிட்டு என் தோளில் கை போட்டு நாலடி தள்ளிக் கூட்டிப்போனார். குரல் இறங்கியது. “யோசிச்சுப் பேசு. போல்ட் போட்டது யாரு, ஒயர் போட்டது யாரு? விசாரணைன்னு வந்தா என் கை எதுலயும் பட்டிருக்காது. உன் க்ரீன் கார்டு புதுசு. உன் ஒய்ஃப் வேற போன மாசம்தான் வந்து எறங்கியிருக்காங்க.”

பயந்தேன். என் மனைவி ராமாத்தாள் இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. பசுபதி பேனாவை என் விரல்களுக்குள் செருகினார். தாளைக் காரின் பானெட்டில் வைத்தார். முதல் பனித்துகள் அதன்மேல் விழுந்து கரைந்தது.

நான் பதில் சொல்லாததை மிஷின் சரியாக இருக்கிறது என்று தாமரை எடுத்துக்கொண்டாள்போல. டிராக்டரின் படியில் காலை வைத்தாள்.

“ஏறாதீங்க தாமரை!” என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. “அது நிக்காதுங்க. ஸ்விட்ச்சுக்கு ஒயர் போட்டது நான். ஒடையாத போல்ட்டப் போட்டதும் நான்தான். இவரு சொல்லித்தான் பண்ணேன். ஆனா பண்ணது நான்.”

அவள் இறங்கி வந்தாள். அவள் கண்களைப் பார்க்க முடியவில்லை.

“நாலு நாளா வாயில என்னண்ணா வச்சிருந்தீங்க? இன்னிக்கு நான் போயிருப்பேனே!”

திட்டட்டும் என்று நின்றேன். லூயிஸுக்கு அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அவன் நேரே போய் டிராக்டர் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

“லூயிஸ், உன் பேப்பர்ஸ் என்ன நிலைமைல இருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?” என்று அவனிடம் ஆங்கிலத்தில் சீறினார் பசுபதி.

“இருக்கு” என்றான் லூயிஸ். “அந்த விரல்களைப் பனியில் தேடிப் பொறுக்கியவன் நான். அதுவும் ஞாபகம் இருக்கிறது.”

“மூணு பேரையும் இன்னிக்கே ரிப்ளேஸ் பண்றேன். பாருங்க!” பசுபதி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். யாரையோ வரச் சொல்லிக் கெஞ்சுவது வெளியே கேட்டது.

தாமரை அந்தத் தாளைத் திருப்பிப் போட்டாள். “தொழிலாளர் பாதுகாப்பு ஆபீசுக்கு எழுதுவோம். ஸ்விட்ச்சும் சரியான போல்ட்டும் போடற வரைக்கும் யாரும் அத எடுக்க மாட்டோம். அவரு ஆள் கூட்டியாந்தா அவங்ககிட்டயும் சொல்லுவோம். ஆனா மொதல்ல சேனாபதி அண்ணன்கிட்ட நீங்க சொல்லணும்.” ஆஸ்பத்திரியில் இருந்த சேனாபதியின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, என் முன்னால் நீட்டினாள்.

சொன்னேன். எஃகு, ஒயர், முதுகில் வாங்கிய தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் ஏதோ கருவி பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

“வேலு…” மதுரைக்காரன் குரல் வறண்டு வந்தது. “நாலு நாளா என்னையத்தானய்யா நான் திட்டிக்கிட்டுக் கெடக்கேன். புத்திகெட்டுப் போயி நானே கைய விட்டுட்டேன்னு.”

“மன்னிச்சிருப்பா…” என்று ஆரம்பித்தேன்.

“இப்ப அது வேணாம். உன்னைய என்ன பண்றதுன்னு அப்புறம் பாத்துக்கறேன். அந்த மிஷின வெளிய விட்றாதீக. என் பேரையும் எழுது.”

“கையெழுத்து உன்னோடதா இருக்கணுமேப்பா…”

“கை எங்கய்யா இருக்கு? நீயே எழுது.”

தாளின் வெற்றுப் பக்கத்தில் தாமரை புகாரை எழுதி முடித்ததும் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே அவன் பெயரை எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போனது. பனி கனத்து விழ ஆரம்பித்திருந்தது. தாமரை தாளின் இரண்டு ஓரங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். லூயிஸ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, தாள் நனையாமல் மேலே பிடித்துக்கொண்டு நின்றான்.