கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

பாய்லர்காரர் செத்த நான்காம் நாளிலிருந்து, அவர் மனைவியைப் பார்த்து "பாவம்" என்று சொன்னவர்களின் வாயிலிருந்தெல்லாம் கல் விழுந்தது. முதல் கல் பக்கத்து வீட்டுக்காரியுடையது. கொட்டைப்பாக்கு அளவு, சாம்பல் நிறம், லேசான ஈரம். பல்தான் விழுந்துவிட்டதோ என்று அவள் நாக்கால் துழாவி எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வாரம் முடிவதற்குள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மனதார வருந்தியவர்களுக்குக் கடுகளவு, ஒப்புக்குச் சொன்னவர்களுக்கு எலுமிச்சை அளவு. விஷயம் பரவியதும் தெருக்காரர்கள் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே துக்கம் விசாரித்தார்கள். பெரிய நாத்தனார் மட்டும் மூச்சு விடாமல் மூன்று கல் உதிர்த்துவிட்டு, "எனக்கு ஆஸ்துமா இருக்குல்ல, அதான்" என்று சமாளித்தாள்.

மனைவிக்கும் அவர் பாய்லர் ஓட்டிய அதே லாண்டரியில்தான் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கும் மேசையில் ஏழு பெண்களில் ஒருத்தி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஏற்றும் ஆவியில்தான் பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கம் அவள் இஸ்திரி சூடானது. பாய்லர்காரர் அடிக்கடி டீக்குப் போகிறார் என்று சூப்பர்வைசர் பாய்லர் அறையை வெளியிலிருந்து தாழ் போடுவான். ஏழு பேருக்கும் அது தெரியும். குழாய் வெடித்த அன்று அவர் உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். இவள் ஓடிப்போய், கொதித்துக் கிடந்த தாழ்ப்பாளை வெறுங்கையால் இழுத்துத் திறந்தபோது தட்டல் நின்றிருந்தது. உள்ளங்கையில் தாழ்ப்பாளின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

பத்தாம் நாள் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு அவள் வீட்டுக்கு வந்தான். 'பணியாளரின் கவனக்குறைவு' என்று டைப் அடித்து, கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிமா. போனவர் போயிட்டார். ஃபைலை மூடிடலாம்."

"அத்தனை நேரம் கதவைத் தட்டுனாரே, அதுல எங்க சார் கவனம் குறைஞ்சது?"

அவன் தலையைச் சாய்த்து, "பாவம்மா நீ" என்றான். கல் தொண்டையில் அடைத்துக்கொண்டது. முகம் நீலமானது. அவன் கதவை, சுவரை, தரையைத் தட்டினான். அந்தத் தட்டலை அவள் நின்று கேட்டாள், முழுதாகக் கேட்டாள். பிறகு முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"இவனுக்குப் போய் இரக்கம் காட்டுறியேடி!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இரக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நடந்ததைச் சொல்ல இவன் வாய் வேணும்."

வெளியே விழுந்த கல் தரையில் உருண்டு, உருள உருளப் பெருத்து, அரிசி மூட்டை அளவானதும் நின்றது. இரண்டு டைல்ஸ் உடைந்தன. "பாவம்னு தானேம்மா சொன்னேன்" என்று அவன் முனகினான்.

"அதுக்கு ரெண்டு அர்த்தம் சார். மத்தவங்க சொன்னது என்னைப் பத்தி. உங்க வாயில வந்தது நீங்க செஞ்சது."

அதற்குப் பிறகு அவன் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் சரளையாகத்தான் கொட்டியது. "கதவை நான்தான் தாழ் போட்டேன்" என்ற ஒரு வரி மட்டும் சுத்தமாக வந்தது. அதையே காகிதத்தின் பின்பக்கம் எழுத வைத்தாள். கீழே ஏழு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். அவனை மன்னித்துவிட்டாயா என்று வருஷக்கணக்கில் ஆட்கள் கேட்டார்கள். "உயிரோட அனுப்புனேன்ல? அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதீங்க" என்பாள்.

பெரிய கல்லை ஏழு பேருமாக லாண்டரிக்கு உருட்டிப்போய், பாய்லர் அறைக் கதவை விரியத் திறந்து முட்டுக் கொடுத்தார்கள். நிர்வாகம் இரண்டு முறை கிரேன் கொண்டுவந்தது. இரண்டு முறையும் கயிறு அறுந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். அதன்பின் நான்கு சூப்பர்வைசர்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களிடம் கழிவறை எங்கே, சாப்பாட்டு நேரம் எப்போது என்று சொல்லும்போதே கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறார்கள். கதவு மூடுவதில்லை. மேசைப் பெண்கள் ஈரக் கையுறைகளை அந்தக் கல்லின் மேல்தான் காயப்போடுகிறார்கள், சீக்கிரம் காய்கிறது.