நீலத்திலிருந்து வளைந்த கோடு

உடல்நல ஆய்வு தொடங்கியதிலிருந்து அந்த ஊரில் எல்லோரும் தங்கள் மாத்திரையின் கோட்டில்தான் குடியிருக்கிறார்கள். கட்டிலுக்கடியில் சேலைக் கரை அகலத்தில் ஒரு கோடு கிளம்பி, வருஷத்துக்கு ஒரு வீட்டுத் தூரம் கிழக்கே நகரும். கட்டிலும் ஆளும் கூடவே நகர்வார்கள்; ஒரு கோட்டை விட்டு இன்னொரு கோட்டுக்குப் போக முடியாது. மாத்திரை மாறினால் கோடு வளைந்து வேறு தெருவுக்குப் போகும்.

புஷ்பமும் அவள் வீட்டுக்காரர் அருளப்பனும் பிரஷர் மாத்திரைக்காரர்கள். இருவர் கோடும் நீலம். நீலத் தெருவில் ஒட்டி ஒட்டியே வந்தன.

மகளுக்குப் பிள்ளை இல்லை என்று புஷ்பம் ஒரு நேர்ச்சை வைத்தாள். தவக்காலம் முழுவதும் இருவரும் மாத்திரையை ஒறுத்து விடுவது. இறைச்சியை எல்லோரும்தான் விடுகிறார்கள், அதில் என்ன பெருமை என்று அவளுக்குத் தோன்றியது. அருளப்பன் மறுபேச்சு பேசவில்லை. அந்த நாட்களில் இரண்டு கோடுகளும் வெள்ளையாக ஓடின.

பேத்தி பிறந்தாள். அருளப்பனுக்குக் கிட்னி போனது. அவர் கோடு சிவந்து தெற்கே வளைந்தது. கட்டில் வாசலைத் தாண்டும்போது, "உன் நேர்ச்சைக்கு என் ரத்தந்தான் கெடச்சுதா, புஷ்பம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்கு அது முள்ளாகத் தங்கிவிட்டது. அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் தன் ஜெபம் மேலே ஏறாது என்று நினைத்தாள்.

ஆய்விலிருந்து கோடுகளைச் சரிபார்க்க வரும் தமயந்தியிடம், அவருடைய சிவப்புக் கோட்டை அழித்து மறுபடி போடலாமா என்று கேட்டாள்.

"அது நடந்ததுக்குப் போட்ட கோடும்மா. நடந்தத எப்படி அழிக்க?"

பிறகு புஷ்பத்துக்கும் மருந்து மாறியது. பச்சைக் கோடு தெற்கே திரும்பியது. அருளப்பனுக்கும் ஏதோ மாற்றினார்கள்; அவர் கோடு மஞ்சளாகி வடக்கே வந்தது. பஸ் நிலையத்தின் நடுவில் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டன. கட்டில்கள் உரசி நின்றன. பஸ்கள் சுற்றிக்கொண்டு போயின.

அவர் மெலிந்திருந்தார். சொல்ல வேண்டியதை அவள் வாய்க்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாத்திர போட்டியா?" என்று அவர் கேட்டார்.

"போட்டேன். நீங்க?"

"ம்" என்று இருமினார்.

கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் சேலைக் கரை அகலம், அவ்வளவுதான். கோடுகள் பிரிந்தன. அவர் கட்டில் வடக்கே போனது. அவருடைய இருமல் மட்டும் இவள் கட்டிலிலேயே தங்கிவிட்டது. புஷ்பம் சுவரோரமாகத் தள்ளிப் படுத்து, அதற்குப் போர்வையில் பாதியைக் கொடுத்தாள்.